கடைக்கு வரும் ஆர்க்கிட்: தண்ணீர் ஊற்றும் முன் சில செய்திகள்

மளிகை வணிகர்களுக்கு ஆர்க்கிட் முற்றிலும் அந்நியமான சரக்கு அன்று. நாம் விற்கும் வெனிலா எசன்ஸின் மணம் முதலில் கிடைத்தது மெக்சிகோ நாட்டு ஆர்க்கிட் கொடி ஒன்றின் காயிலிருந்துதான். (சிறு புட்டிகளில் இன்று வருவது பெரும்பாலும் ஆலையில் செய்த வெனிலின் என்பது வேறு கதை.) அதே குடும்பத்துச் செடிகள் இப்போது பூத்த நிலையில், தொட்டியோடு விற்பனைக்கு வருகின்றன. கடை திறப்பு விழாவுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் பூங்கொத்துக்குப் பதிலாக இவற்றைக் கொடுக்கும் வழக்கம் நகரங்களிலிருந்து பரவி வருகிறது. நம் திருப்பனந்தாள் வட்டாரத்திலும் கல்லாப் பெட்டி அருகே ஒரு தொட்டி வைக்கவோ, நாலைந்து தொட்டி வாங்கி விற்கவோ எண்ணும் அன்பர்கள் இருக்கலாம். சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய செடி ஒரு மாதத்தில் அழுகிப்போனால் வாங்கியவர் செடியைக் குறை சொல்ல மாட்டார். விற்ற கடையைத்தான் சொல்வார். ஆகவே இதன் குணத்தை முதலில் தெரிந்துகொள்வோம்.

வண்டல் மண்ணும் வாய்க்கால் தண்ணீரும் இருந்தால் எதுவும் தழைக்கும் என்பது காவிரிக் கரைக்காரர்களாகிய நமக்குப் பரம்பரை அனுபவம். ஆர்க்கிட்டுக்கு அவை இரண்டும்தான் எமன். வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் இனங்கள். மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. இடத்துக்கு மட்டுமே மரம். வேர்கள் காற்றில் தொங்கும். மழை பெய்தால் நனையும், அரை நாளில் காய்ந்துவிடும். பருப்பு மூட்டையைத் தரையில் போடாமல் கட்டை அடுக்கி அதன்மேல் ஏன் போடுகிறோம்? அடியில் காற்று ஓடாவிட்டால் பூசணம் பிடிக்கும். ஆர்க்கிட் வேரின் கணக்கும் அதுவே.

எனவே தொட்டியில் மண் ஒரு பிடிகூட வேண்டாம். அடுப்புக்கரித் துண்டு, உடைந்த ஓட்டுச் சில்லு, செங்கல் துண்டு ஆகியவற்றைக் கொட்டைப்பாக்கு அளவில் உடைத்து நிரப்பினால் போதும். தேங்காய் மட்டைத் துண்டுகளையும் சேர்க்கலாம். ஆனால் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, கறை நீரை வடித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். மட்டை ஈரத்தை வெகுநேரம் பிடித்து வைப்பதால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது வேரை அழுகச் செய்துவிடும். நம் பகுதிக்குக் கரி அதிகமாகவும் மட்டை குறைவாகவும் இருப்பதே நல்லது என்பது நம் கருத்து. பக்கவாட்டிலும் துளை வைத்த மண்சட்டி மிகச் சிறந்தது. பீங்கான் தொட்டியில் வைத்து விற்கப்படும் செடி பார்வைக்கு அழகு. அடியில் துளை இல்லாவிட்டால் அதற்கு ஆயுள் குறைவு.

எப்போது தண்ணீர் ஊற்றுவது? நாள் கணக்கு வேண்டாம், வேரைப் பார்த்தாலே தெரியும். வேரின் மேலுறை காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும், நனைந்தால் பச்சையாகவும் மாறும். வெள்ளியானதும் காலை வேளையில் தாராளமாக ஊற்றி, முழுவதும் வடியவிட வேண்டும். சித்திரை வெயிலில் தினமும் தேவைப்படலாம். அடைமழைக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறைகூட வேண்டியிராது. இலைக்குருத்தில் நீர் தேங்கக் கூடாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்குவதும் கூடாது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றினால் கரியின் மேல் வெள்ளையாகப் படியும்; அதைக் கண்டால் பிடித்து வைத்த மழைநீருக்கு மாறிவிடுவது நல்லது.

கடையில் வைக்கும்போது ஒரு விஷயம் முக்கியம். கடை முகப்பில் தொங்கும் பழுத்த வாழைத்தாருக்கு அருகில் பூத்த ஆர்க்கிட்டை வைக்காதீர்கள். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகிறது. அது பட்டால் வாரக்கணக்கில் நிற்க வேண்டிய பூ ஓரிரு நாளில் சுருங்கி, மொட்டுகளும் உதிர்ந்துவிடும். காரணம் தெரியாமல் செடி அனுப்பியவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. எறும்பும் ஒரு தொல்லை. பூந்தண்டில் கசியும் இனிப்புக்காக வரும். மாவுப்பூச்சி இருந்தால் அதன் தேன்கசிவை நாடி வந்து, அந்தப் பூச்சியைக் காவல் காத்துப் பெருகவிடும். ஆகவே சர்க்கரை, வெல்ல மூட்டைகள் பக்கம் வேண்டாம். மாவுப்பூச்சியைச் சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம்.

விற்க எண்ணுவோர் இனம் பார்த்து வாங்க வேண்டும். பட்டுப்பூச்சி போல அகன்ற பூ உள்ள ஃபெலனாப்சிஸ்தான் கண்ணைப் பறிக்கும். வீட்டுக்குள் மிதமான வெளிச்சத்திலும் அது பிழைக்கும். ஆனால் மறுபடி பூக்க, சில வாரங்களுக்கு இரவுகள் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் மார்கழி, தை தவிர அந்தக் குளிர் கிடையாது. அப்போதும் போதுமென்று உறுதி சொல்ல முடியாது. இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நாணயம். டென்ட்ரோபியம் கலப்பினங்கள் நம் வெப்பத்துக்கும் புழுக்கத்துக்கும் ஏற்றவை. கிழக்குப் பார்த்த திண்ணையில் காலை வெயில் பட்டால் திரும்பத் திரும்பப் பூக்கும். இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சள் பாய்ந்தால் வெயில் அதிகம். இலை உதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டிவிடாதீர்கள். புதுத் தண்டுக்கு வேண்டிய சேமிப்பு அதில்தான் இருக்கிறது. உரக்கடையில் கிடைக்கும், நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து, இரு வாரத்துக்கு ஒருமுறை தெளித்தால் போதும்.

காட்டிலிருந்து பறித்தது என்று எவரேனும் மலிவாகக் கொண்டுவந்தால் வாங்கவே கூடாது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. சில இனங்களுக்கு நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே காவல். அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட், சேகரிப்போர் பறித்துப் பறித்தே அழிவின் விளிம்புக்குப் போனது. காட்டு இனங்களைப் பார்க்க விரும்புவோர் ஏற்காட்டில் உள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய் வரலாம். விற்பனைக்கு, திசு வளர்ப்பு முறையில் நாற்றாக்கிய செடிகளை மட்டும் பில்லோடு வாங்குங்கள்.

முதல் கொள்முதல் பத்துத் தொட்டிக்கு மேல் வேண்டாம். மடகாஸ்கரில் 2000-ஆம் ஆண்டு அடித்த புயலுக்குப் பின் வெனிலா விலை ஏறியபோது, கேரளத்திலும் கர்நாடகத்திலும் பலர் முதலை முடக்கினர். 2004-க்குப் பின் விலை சரிந்ததும் கொடியோடு கைவிட்டனர். அடைமழை மாதங்களில் சரக்கு இறக்காமல், தை மாத முகூர்த்தங்களை ஒட்டி வரவழைப்பது உசிதம். உயிருள்ள செடிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, பிளாஸ்டிக் தொட்டிக்கும் உரத்துக்கும் உண்டு. பில் போடும்போது தனித்தனியே காட்டுங்கள்.