மாசச் சம்பளம் தெரியும். மணிக்கு எவ்வளவுன்னு தெரியுமா?

பெரிய பேங்க்ல ஆஃபர் வந்தா முதல்ல பார்க்கிறது சிடிசி. அங்கே வேலை செய்யறவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கிறது அப்புறம்தான். இந்த ரெண்டையும் ஒரே கணக்கில் போட முடியும், அதுக்கு கோல்ட்மேன் சாக்ஸ் கதை நல்ல உதாரணம்.

2021 பிப்ரவரியில் அங்கே முதல் வருஷ அனலிஸ்ட்கள் 13 பேர் தாங்களே ஒரு சர்வே எடுத்து மேனேஜ்மென்ட்டிடம் கொடுத்தாங்க. மார்ச்சில் அது வெளியே வந்துடுச்சு. வாரத்துக்குச் சராசரி 95 மணி நேர வேலை, ராத்திரிக்கு 5 மணி நேரத் தூக்கம். மனநலத்துக்கு வேலையில் சேர்றதுக்கு முன்னாடி 10க்கு 8.8 மார்க் கொடுத்தவங்க, இப்போ கொடுத்தது 2.8. வாரத்துக்கு 80 மணி நேரத்தோட நிறுத்துங்கன்னு கேட்டாங்க. (அதுவே நமக்குத் தலை சுத்துது!)

13 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை, அதை வச்சு மொத்த பேங்க்கையும் எடை போட முடியாது. ஆனா நிர்வாகம் அதை ஒதுக்கலை. வெள்ளி இரவு 9 மணியிலிருந்து ஞாயிறு காலை 9 மணி வரை வேலை கூடாதுங்கிற பழைய விதியைக் கண்டிப்பா அமல்படுத்துவோம்னு தலைமை நிர்வாகி டேவிட் சாலமன் சொன்னார். ஆகஸ்ட்டில் முதல் வருஷ அடிப்படைச் சம்பளம் 85,000 டாலரிலிருந்து 1,10,000 ஆச்சு.

இப்போ கால்குலேட்டர் எடுங்க. 95 மணி, 52 வாரம், மொத்தம் 4,940 மணி. போனஸை விட்டுட்டா, பழைய சம்பளம் மணிக்குச் சுமார் 17 டாலர். அப்போ நியூயார்க் நகரத்தில் குறைந்தபட்சக் கூலியே 15 டாலர். உயர்வுக்குப் பிறகு 22. பழைய சம்பளத்திலேயே 80 மணி நேரம் கொடுத்திருந்தா 20. வெறும் பணக் கணக்கில் உயர்வுதான் லாபம். அவங்க கேட்டது என்னவோ தூங்க நேரம்.

உங்க கணக்குக்கு வருவோம். கைக்கு வர்ற சம்பளம் 60,000, வாரம் 45 மணி நேர வேலை, பயணம் 10 மணின்னு வைங்க. மணிக்கு சுமார் 252 ரூபாய். புது ஆஃபர் 80,000, ஆனா வேலை 65, பயணம் 15. மணிக்கு 231தான். கூடுதலா வர்ற 20,000க்கு மாசம் 108 மணி நேரம் கூடுதலா கொடுக்கறீங்க, அதாவது மணிக்கு 185 ரூபாய்க்கு.

அந்த 65ஐ எப்படித் தெரிஞ்சுக்கறது? ரிவ்யூ தளத்தில் ஸ்டார் சராசரியைப் பார்க்காதீங்க. உங்க ரோல், உங்க ஊர் ஆபீஸ், கடைசி ஒரு வருஷம், இதை மட்டும் ஃபில்டர் பண்ணி, திரும்பத் திரும்ப வர்ற புகாரைப் படிங்க. கடைசி ரவுண்டில் மேனேஜரிடம், "போன வாரம் டீம் எத்தனை மணிக்குக் கிளம்புச்சு?"ன்னு கேளுங்க. "ஒர்க்-லைஃப் பேலன்ஸ் எப்படி சார்?"னு கேட்டா "சூப்பர்"னுதான் பதில் வரும்.