பதினைந்து நாளும் அதன் பின்னும்

குடியை நிறுத்த மருந்து இருக்கிறதா என்று நம் தாய்மார் அடிக்கடி கேட்பார்கள். இருக்கிறது. பின்னரும் குடிக்காமலிருக்க உதவும் மருந்து உண்டு; முதற் சில நாட்களுக்கு உதவும் மருந்தும் உண்டு. அந்த நாட்களைப் பற்றி முதலில் படிப்போம்.

ஆண்டுக்கணக்காக நாள்தோறும் கசிப்போ சாராயமோ குடித்தவரின் உடல் அதற்குப் பழகிவிடும். சடுதியாக நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரும். பின்னர், நாலாம் நாள் வரையில், இல்லாத பூச்சியும் ஆட்களும் கண்ணில் தெரிந்து புத்தி தடுமாறினால் அது உயிராபத்து. பேய் என்று எண்ணிக் கழிப்புக் கழித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அறைக்குள் பூட்டி வைத்துத் திருத்த முயல்வதும் வேண்டாம். வைத்தியசாலையில் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் வைட்டமின் பி1 உம் கொடுத்து, பக்கத்திலிருந்து கவனிப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் மனநல வைத்தியரை விசாரியுங்கள். 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

இனி, தங்கிச் சிகிச்சை பெறுவது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. வைத்தியசாலை, குடிநோயாளரை நகரத்துக்கு அழைக்காமல் தானே கிராமத்துக்குப் போனது. இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடி, நம் தம்பலகாமம் போல வயற்காணி சூழ்ந்த ஊர். அங்கே 15 நாள் முகாம் நடத்தினார்கள். (முகாம் என்றால் நமக்கு வேறு நினைவு வரும். 2006இல் சம்பூரை விட்டு வந்து கிளிவெட்டியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) ஊரவர்கள் இடம் கொடுத்தார்கள். மனைவிமாருக்கும் வகுப்பு நடந்தது. முகாம் கலைந்த பிறகும் வைத்தியக் குழு தொடர்ந்து வந்து பார்த்தது. இந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994இல் வைத்திய சஞ்சிகை ஒன்றில் எழுதினார்.

தொடர்ந்து வந்து பார்த்ததுதான் நமக்கு முக்கியம். பதினைந்து நாளில் உடல் தெளியும், பசி எடுக்கும், முகம் மாறும். ஆனால் அவர் திரும்பி வருவது அதே தறப்பாள் கொட்டிலுக்கு. காணி இல்லை, கூலி வேலை. பொழுதுபடக் கையில் காசு. வரும் வழியில் கசிப்பு விற்கும் வளவு. ஆகவே அவர் சிகிச்சையில் இருக்கும்போதே வீட்டில் ஏற்பாடு தொடங்க வேண்டும். கூலியை யார் வாங்குவது என்று அவருடைய சம்மதத்தோடு பேசி முடியுங்கள். வேலைவிட்டு வரும்போது கூட நடந்துவர ஒருவரைத் தேடுங்கள். கிளினிக் நாளைக் குறித்து வையுங்கள். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு அனுப்புவது நல்லது; வேலை குறைவு, அறுவடைக் காசு தவறணைக்குப் போவதும் குறையும்.

தூள் பாவிக்கும் பிள்ளைகளுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. சிலநாள் விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. வீடு திரும்பியபின் முன்போல எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவருக்கும் வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒருநாள் மறுபடி குடித்துவிட்டு வந்தால்? சண்டையை அடுத்தநாளுக்கு வையுங்கள். அந்தக் கிழமைக்குள் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

மாதர் சங்கத்தில் பேசுவதற்கு: நம் வரிசையில் சிகிச்சை முடித்து வருபவருக்கு முதல் மாதம் வேலை கொடுக்கக்கூடியவர் யார்? கிளினிக்குக்குக் கூடப் போகக்கூடியவர் யார்?