பரவாயில்லை என்று சொல்லாதே

அன்புள்ள கவினுக்கு,

பெரியம்மா எழுதுவது. நேற்றுக் கடை சாத்தும் நேரத்தில்தான் உன் குரல்பதிவைக் கேட்டேன். தெக்கோங் ராணுவப் பயிற்சியின் கடைசி 24 கிலோமீட்டர் நடையை முடித்துவிட்டு, மறுநாளே தேக்கா பக்கம் யாரிடமோ காலையும் முதுகையும் பிடித்துவிடச் சொல்லியிருக்கிறாய். உயிர் போகிற வலி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன், இரண்டு நாளாகத் தொட முடியவில்லை, இது சரியா என்கிறாய். பிடித்துவிட என் கடைக்கு வராமல் வேறிடம் போனதில் எனக்குக் கோபமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாய் பார், அதில்தான் வருத்தம்.

உன் காலில் இப்போது இரண்டு வலி கலந்திருக்கிறது. ஒன்று நடந்த வலி. சுமையைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போது அதன் இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. புக்கிட் தீமா குன்றையே எடுத்துக்கொள், 163 மீட்டர்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறங்கியதால்தான். இந்த வலி உடனே வராது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே வடியும். களைப்பு வேறு, மறுநாள் வரும் இந்த வலி வேறு என்று தியோடர் ஹாஃப் என்ற அமெரிக்கர் 1902லேயே எழுதிவிட்டார். 'லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, பிழிந்து எடுக்க வேண்டும்' என்று இன்னும் சொல்கிறார்கள். அது நீ ஓய்ந்து உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். மறுநாள் பிழிய அங்கே ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, கை கொடுத்த வலி. இதை நான் இருபது வருஷமாக என் கட்டைவிரலில் பார்க்கிறேன். நல்லெண்ணெயைச் சூடுபண்ணித் தடவி, முதல் ஐந்து நிமிஷம் அழுத்தவே மாட்டேன், கெண்டைக்காலை நீவி மட்டும் விடுவேன். பிறகு விரலை மெல்ல இறக்குவேன். ஓர் இடத்தில் தசை புளியங்கொட்டை மாதிரித் தட்டுப்படும். அங்கே நின்றால் வலிக்கும், ஆனால் 'அங்கேதான், அங்கேதான்' என்று சொல்ல வைக்கிற வலி. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று மூச்சு நிற்கும், கால்விரல் மடங்கும், தசை என் விரலை எதிர்த்துத் தள்ளும். அதற்கு மேல் நான் எவ்வளவு பலம் போட்டாலும் பயனில்லை. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள இறுகிவிட்டது. நீ படுத்திருந்த நேரமெல்லாம் உன் கால் அப்படி இறுகித்தான் கிடந்திருக்கும்.

வலித்தால்தான் கட்டு விடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. 'வலிக்கிறதா' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்பார்கள், அதிலும் உன் வயசுப் பையன்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணத்தை, அதாவது உடம்பு பிடித்துவிடுவதை, ஒன்பது வகையாகச் சொல்வார்கள். தட்டல், பிடித்தல், அசைத்தல் எல்லாம் அதில் உண்டு, அழுத்தல் ஒன்பதில் ஒன்று. அது ஒன்றையே ஒரு மணி நேரம் செய்வது வித்தை ஆகாது.

பிடித்துவிட்ட மறுநாள் லேசாக நோகலாம். ஓரிரண்டு நாளில் போய்விட்டால் பயமில்லை. ஆனால் 'உடம்பிலிருக்கிற நச்சு வெளியேறுகிறது, அதுதான் வலி' என்று யாராவது சொன்னால் நம்பாதே. உன்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொல்வார்கள். அழுத்தப்பட்ட தசை நோகிறது, அவ்வளவுதான். மெல்ல நட, வெந்நீரில் குளி, அந்த இடத்தை இன்னொருமுறை பிடிக்கக் கொடுக்காதே. கோடாலித் தைலம் தடவினால் சுகமாக இருக்கும். ஆனால் அது தோலைக் குளிரவைத்து வலியை மறக்கச் செய்யும், உள்ளே இருப்பதை ஆற்றாது.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. சிறுநீர் தேநீர்ச் சாயம் போல, கோலா போலக் கறுத்துப் போனால், அது சிதைந்த தசையிலிருந்து கசிந்தது சிறுநீரகத்துக்கு இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம்; ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போ. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். யாரையும் அதில் கைவைக்க விடாதே. அதோடு மூச்சுத் திணறினால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரச் சொல். கால் மரத்துப்போனாலோ, மின்சாரம் பாய்ந்தது போல வலி கால் முழுக்க ஓடினாலோ முகாம் மருத்துவ அதிகாரியிடம் காட்டு. அவரிடம் பிடித்துவிட்டதையும் மறைக்காமல் சொல்.

கன்றிப்போயிருக்கிறதா என்று நீ சொல்லவில்லை. வெளிச்சத்தில் தொடையின் பின்பக்கத்தையும் பார்த்து, இன்றிரவே படம் அனுப்பு. இதில் எதுவும் இல்லையென்றால் சனிக்கிழமை கடைக்கு வா. பிடித்துவிட மாட்டேன். வெறும் எண்ணெய் தடவி நீவி விடுகிறேன். எங்கே நோகிறது என்று நீ வாய்திறந்து சொல்ல வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா