தண்டனை இல்லாத ஒப்பந்தத்தால் என்ன பயன்?

கேள்வி: பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த பாரிஸ் ஒப்பந்தம் வந்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. வருடா வருடம் மாநாடு கூட்டுகிறார்கள். வெயில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வாக்குத் தவறும் நாட்டுக்குத் தண்டனை உண்டா? இல்லையென்றால் இதையெல்லாம் எதற்கு நம்ப வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தண்டனை இல்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவில் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. ஆனால் அது தண்டிக்கும் அமைப்பல்ல என்று அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு நாடும் தன் உமிழ்வுக் குறைப்பு இலக்கைத் தானே வகுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, கணக்குக் காட்ட வேண்டும். அது கட்டாயம். இலக்கை எட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

தண்டனை வைத்தும் பார்த்தாயிற்று. 1997இல் உருவான கியோட்டோ பருவநிலை நெறிமுறையின் விதிகளின்படி, இலக்கைத் தவறவிட்ட நாடு அந்தப் பற்றாக்குறையை 30 சதவீதம் கூடுதலாகச் சேர்த்து அடுத்த கட்டத்தில் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. அமெரிக்கா கையெழுத்திட்டது, கடைசிவரை அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. இலக்கை எட்ட முடியாத நிலையில் இருந்த கனடா, 2011இல் விலகுவதாக அறிவித்துவிட்டது. விலக உரிமை இருக்கும்வரை வெறும் மிரட்டல் எடுபடாது.

வென்ற ஒப்பந்தம் ஒன்று உண்டு: ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் வந்த மான்ட்ரியல் நெறிமுறை. சேராத நாடுகளுடன் ஓசோனை அரிக்கும் வேதிப்பொருட்களின் வணிகத்துக்கு அதில் தடை இருந்தது. கூடவே, வளரும் நாடுகள் மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு மாறும் செலவை ஏற்க 1990இல் ஒரு நிதியமும் உருவானது. அந்தப் பொருட்களைத் தயாரித்த நிறுவனங்கள் சிலவே என்பதும் உதவியது. நிலக்கரியும் பெட்ரோலும் அப்படியல்ல. மின்சாரம், போக்குவரத்து, சிமென்ட், எஃகு என எல்லாமே அவற்றை நம்பியிருக்கின்றன. ஆகவே இங்கே பணம் இன்னும் அதிகம் வேண்டும்.

அங்கேதான் இடறுகிறது. வளரும் நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அந்தத் தொகை எட்டப்பட்டது 2022இல்தான். அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் பாக்கு நகர மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் கேட்டன. 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று முடித்தார்கள். வரலாற்றில் அதிகம் புகை கக்கிய நாடுகள் இப்படிக் கைவிரிப்பது அநீதி.

ஆனாலும் ஒப்பந்தங்கள் வீண் அல்ல. மக்கள் கையில் அவை ஆயுதமாகின்றன. 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 2020க்குள் குறைந்தது 25 சதவீதம் உமிழ்வை அரசு குறைக்க வேண்டும் என்ற உத்தரவை நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அந்நாட்டுக் குடிமக்களும் ஓர் அமைப்பும்தான். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு அரசு ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. அதன் பயனாக, பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு கோர இடமுண்டு என்று சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் கருத்துரைத்தது. அது ஆலோசனைக் கருத்துதான்; ஆனால் எந்த நாட்டு நீதிமன்றத்திலும் எடுத்துக்காட்டலாம்.

அடுத்த மாநாட்டுச் செய்தி வரும்போது இரண்டை மட்டும் பாருங்கள்: அறிவித்த நிதியில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு? அறிவித்த இலக்கு உள்நாட்டில் சட்டமானதா? இவற்றை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். குடிமக்கள் கணக்குக் கேட்கும் நாட்டில்தான் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்.