கல்வி மசோதாவும் சட்டமன்றக் குழு நிலையும்

திருப்பதி நகரின் உயர்கல்வி நிறுவனங்கள் பலவற்றுக்கும் பிறப்பிடம் சட்டமன்றமே. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1954ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திர மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் தோன்றியது. பெண்களுக்கான ஸ்ரீ பத்மாவதி பல்கலைக்கழகம் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாயிற்று. அலிபிரி சாலையிலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் மாநிலச் சட்டத்தின் வழியாகவே பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியில், மூன்று மாநில எல்லைகள் கூடும் குப்பத்தில், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் திராவிடப் பல்கலைக்கழகம் அமைந்தது.

ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவும் மசோதா சில ஆயிரம் பேரின் வாழ்வைத் தொடுகிறது. பள்ளிக் கல்வி பற்றிய மசோதாவோ மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டையும் தொடுகிறது. கட்டணம், பயிற்று மொழி, ஆசிரியர் நியமனம், பள்ளி அங்கீகாரம் ஆகியவற்றை அதன் ஷரத்துகள் நிர்ணயிக்கின்றன. அத்தகைய மசோதா அவையில் அறிமுகமாவதற்கும் நிறைவேறுவதற்கும் இடையே எத்தகைய ஆய்வுக்கு உள்ளாகிறது என்பது, மாணவரும் அலுவலரும் ஒருங்கே அறிய வேண்டிய செய்தியாகும்.

அதிகாரத்தின் எல்லை

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 42ஆவது திருத்தம் அதனைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அம்மாற்றம் 1977 ஜனவரி 3 முதல் செயலுக்கு வந்தது. இதன் விளைவுகள் இரண்டு. முதலாவதாக, நாடாளுமன்றமும் கல்வி பற்றிச் சட்டம் இயற்றலாம்; 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதற்குச் சான்று. இரண்டாவதாக, மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் நிலைபெற வேண்டுமானால், அம்மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். ஆகவே மாநில உறுப்பினர்கள் ஒரு ஷரத்தை ஆராயும்போது, அது நல்லதா என்பதோடு, மேலிருக்கும் சட்டங்களோடு பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டியவர்களாகின்றனர்.

குழு நிலையில் நடப்பது என்ன?

அறிமுகமான மசோதாவை அவை உடனே பரிசீலிக்கலாம். பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடலாம். அல்லது பொறுக்குக் குழுவுக்கு அனுப்பலாம். ஆளும் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் இருந்து பொறுக்கி அமைக்கப்பட்ட சில உறுப்பினர்கள் அடங்கியது இக்குழு. இரண்டு அவைகள் உள்ள மாநிலத்தில் இரு அவை உறுப்பினர்களும் சேர்ந்த கூட்டுக் குழுவும் அமையக்கூடும்.

அவையில் நடைபெறும் பொது விவாதம் மசோதாவின் நோக்கத்தைப் பற்றியது. குழுவில் நடைபெறுவது சொல்லைப் பற்றிய விவாதம். உறுப்பினர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஷரத்து ஷரத்தாகப் படித்து, சாட்சியம் கேட்டு, துறை அலுவலரை வினவி, திருத்தங்களை ஏற்கவோ தள்ளவோ செய்கின்றனர். இறுதியில் திருத்திய மசோதாவும் அறிக்கையும் அவைக்கு வருகின்றன. பெரும்பான்மையோடு உடன்படாத உறுப்பினர் தம் மாறுபட்ட கருத்தைக் குறிப்பாக இணைக்கலாம். பின்னாளில் அச்சட்டத்தைத் திருத்த முற்படுவோருக்கு இக்குறிப்புகள் பெரும்பாலும் முதல் வழிகாட்டியாகின்றன.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'கட்டணம் வாங்காத பள்ளிக்கு அரசு ஈட்டுத்தொகை வழங்கலாம்' என்று ஒரு ஷரத்து இருப்பதாகக் கொள்வோம். 'வழங்கலாம்' என்பதை 'வழங்க வேண்டும்' என்று மாற்றினால், அரசின் விருப்பமாக இருந்தது கடமையாகி விடுகிறது. உடனே அடுத்த வினாக்கள் எழும்: எத்தனை பள்ளிகளுக்கு? எந்த மாதத்திற்குள்? எந்தச் செலவினத் தலைப்பிலிருந்து? மசோதாவுடன் இணைக்கப்படும் நிதிக் குறிப்பு இவ்வினாக்களுக்கு விடை தருகிறதா? மேடைப் பேச்சில் இவ்வினாக்கள் எழுவது அரிது. அவையிலோ, பல மசோதாக்கள் வரிசையில் நிற்கும் நாளில், இவற்றுக்கு நேரம் கிடைப்பதில்லை. குழுவில் இவை எழுந்தே தீரும்.

இதைப் போன்றே 'விதிக்கப்படும் முறையில்' என்னும் தொடரும் கூர்ந்து நோக்கத்தக்கது. இத்தொடர் வரும் இடத்திலெல்லாம் சட்டமன்றம் தன் அதிகாரத்தின் ஒரு பகுதியைத் துறைக்கு ஒப்படைக்கிறது. எதை ஒப்படைக்கலாம், எதைச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்று பிரித்தறிவது குழுவின் தலையாய பணிகளில் ஒன்று.

கேரள மசோதாவின் பாடம்

இந்தியாவில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட மாநிலக் கல்வி மசோதா, 1957ஆம் ஆண்டின் கேரளக் கல்வி மசோதா எனலாம். கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி அதனை 1957 ஜூலையில் கொண்டுவந்தார். தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்துவதும், ஆசிரியர்களுக்கு ஊதியப் பாதுகாப்பும் பணிப் பாதுகாப்பும் அளிப்பதும் அதன் நோக்கங்கள். பொறுக்குக் குழுவின் ஆய்வுக்குப் பின், செப்டம்பர் 2ஆம் நாள் பேரவை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதனைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கிவைக்க, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கோரினார்.

1958 மே 22ஆம் நாள் நீதிமன்றம் தன் கருத்தை வழங்கியது. ஒழுங்குபடுத்தும் ஷரத்துகளில் பல செல்லும் எனப்பட்டன. பள்ளி நிர்வாகத்தை அரசு ஏற்பதற்கு வழிசெய்த 14, 15ஆம் ஷரத்துகள் சிறுபான்மையினர் நிறுவனங்களைப் பொறுத்தவரை அவர்களது அடிப்படை உரிமைக்கு மாறானவை எனப்பட்டன. தொடக்க வகுப்புகளில் கட்டணம் வாங்கக் கூடாது என்ற 20ஆம் ஷரத்தைப் பற்றிய கருத்து, பொருளியல் மாணவருக்குச் சிறப்பாகப் பயன்படும். அரசின் உதவி பெறாமல் அங்கீகாரம் மட்டும் பெற்றுள்ள சிறுபான்மைப் பள்ளி, கட்டணத்தையும் இழந்து ஈட்டுத்தொகையும் பெறாவிடில் எவ்வாறு நடக்கும் என்பதே நீதிமன்றம் கண்ட குறை. இலவசக் கல்வி என்னும் உயர்ந்த நோக்கம், செலவை யார் ஏற்பது என்ற வினாவுக்கு விடையில்லாமையால் இடறியது. மசோதா திருத்தப்பட்டு, 1959 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

குழு அமைத்தாலே எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று கருதலாகாது என்பதற்கும் இந்நிகழ்ச்சியே சான்று. கொள்கை வேறுபாடு ஆழமாக இருந்தால் குழுவால் அதனை மூட முடியாது. ஆயினும் எந்த ஷரத்தில் வேறுபாடு இருக்கிறது என்பதை அது தெளிவாக்குகிறது. கேரளத்தில் மசோதா முழுவதும் வீழவில்லை. குறிப்பிட்ட சில ஷரத்துகளே திரும்பி வந்தன.

ஓர் அவையுள்ள மாநிலங்கள்

தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன் பின்னர், மசோதாவை இரண்டாம் முறை எண்ணிப் பார்ப்பதற்குச் சட்டமன்றத்துக்குள் உள்ள வாய்ப்பு குழு நிலை ஒன்றே. அதனைத் தாண்டிச் சென்றால் நேரக்கூடியதை 2011ஆம் ஆண்டு காட்டியது.

மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என நால்வகையாகப் பிரிந்திருந்த பள்ளிகளுக்குப் பொதுப் பாடத்திட்டம் வகுத்தது 2010ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டம். 2010-11இல் 1, 6ஆம் வகுப்புகளிலும், அடுத்த ஆண்டில் மற்ற வகுப்புகளிலும் அது நடைமுறைக்கு வரவேண்டும். இடையே ஆட்சி மாறியது. 2011 ஜூனில், பள்ளிகள் திறக்கும் வேளையில், சட்டத்தின் நடைமுறையைத் தள்ளிவைக்கும் திருத்த மசோதா, விரிவான குழு ஆய்வுக்கு இடமின்றி விரைந்து நிறைவேறியது. வழக்குத் தொடர்ந்தது. உயர் நீதிமன்றம் ஜூலை 18ஆம் நாள் திருத்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 9ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அதுவரை, பொதுப் பணத்தில் அச்சான நூல்கள் கிடங்கில் கிடக்க, பிள்ளைகள் பாடநூலின்றி வகுப்பில் அமர்ந்திருந்தனர். பழைய பாடத்திட்டமும் புதிய பாடத்திட்டமும் எதிரெதிர் நியாயங்கள் கொண்டவையாக இருக்கலாம். ஆனால் பள்ளி திறந்த பின் இரண்டு மாதம் நூலின்றிக் கழிவதற்கு எந்த நியாயமும் இல்லை. நாட்காட்டியைக் கையில் வைத்து வினவும் குழு ஒன்று இருந்திருந்தால், முதல் அமர்விலேயே இது வெளிப்பட்டிருக்கும்.

எல்லையோரத்துப் பிள்ளைகள்

சித்தூர் மாவட்டத்திற்குத் திரும்புவோம். 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாநிலத்தில் இருந்த பகுதி இது. 1960ஆம் ஆண்டில் எல்லைச் சீரமைப்பால் திருத்தணி தமிழகத்துடன் சேர்ந்த பின்னரும் நகரி, குப்பம், சத்தியவேடு வட்டாரங்களில் தமிழ் பேசுவோர் கணிசமாக உள்ளனர். 2022இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சத்தியவேடு புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இப்பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் நடந்து வந்துள்ளன. ஆகவே பயிற்று மொழி பற்றி மாநிலம் எழுதும் ஒவ்வொரு சொல்லும் இவர்களைத் தனியாகத் தொடுகிறது.

2019 நவம்பரில் ஆந்திரப் பிரதேச அரசு, அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டது. வேலைவாய்ப்பில் ஏழைப் பிள்ளைகளும் சம வாய்ப்புப் பெறவேண்டும் என்பது அரசின் வாதம். தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதே பயன் தரும் என்பது மறுப்போரின் வாதம். தொடர்ந்து வந்த திருத்த மசோதாவுக்கு மேலவை திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 2020 ஜனவரியில் பேரவை தன் நிலையையே மீண்டும் வலியுறுத்தியது. ஏப்ரல் 15ஆம் நாள் உயர் நீதிமன்றம் அரசாணைகளை ரத்து செய்தது.

இங்கு மேலவையின் வரம்பை மாணவர் அறிய வேண்டும். அரசமைப்பின் 197ஆவது பிரிவின்படி, மேலவை முதல்முறை மூன்று மாதமும் இரண்டாம்முறை ஒரு மாதமும் மட்டுமே மசோதாவைத் தாமதிக்க முடியும். நாடாளுமன்றத்தில் உள்ளதைப் போன்ற கூட்டுக் கூட்டம் மாநிலத்தில் இல்லை. எனவே மேலவையின் திருத்தம் பேரவையை இணங்கவைக்கும் வலிமை கொண்டதாக இருந்தால்தான் பயன் தரும். இரு அவை உறுப்பினரும் ஒரே மேசையில் அமரும் கூட்டுக் குழு, அவ்வலிமையை முன்கூட்டியே தேடித் தரவல்லது.

கல்வி உரிமைச் சட்டம், பயிற்று மொழி 'இயன்றவரை' குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அரசமைப்பின் 350-ஏ பிரிவும், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 'இயன்றவரை' என்பது நெகிழ்வான சொல். தமிழாசிரியர் பணியிடம் காலியாகி நிரப்பப்படாவிட்டால், இயலவில்லை என்று சொல்லிவிடலாம். எத்தனை பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் நியமிக்க வேண்டும், பணியிடம் எத்தனை நாளில் நிரப்பப்பட வேண்டும் என்று மாநிலச் சட்டமோ விதியோ வரையறுத்தால்தான் அச்சொல்லுக்கு உயிர் வரும். நகரியின் ஒரு தலைமையாசிரியர் குழுவின் முன் வந்து சொல்லும் சில நிமிடச் சாட்சியம், இத்தகைய ஷரத்தைப் பெற்றுத் தரக்கூடும்.

செய்ய வேண்டியவை

குழு நிலை குறையற்றது என்று நாம் சொல்லவில்லை. மசோதாவைக் கிடப்பில் போடவும் அதனைப் பயன்படுத்தலாம். அதனால் காலவரம்பு முதல் தேவை. கட்டணம், பயிற்று மொழி, ஆசிரியர் பணி ஆகியவற்றைத் தொடும் மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்புவது வழக்கமாக வேண்டும். அறிக்கை தரும் நாளை அவையே குறிப்பது நன்று. மசோதாவின் வரைவு, பாதிக்கப்படும் மக்களின் மொழிகளில் முன்னதாக வெளியிடப்பட வேண்டும். நிதிக் குறிப்பைத் துறையின் மதிப்பீட்டோடு விட்டுவிடாமல், குழு தானே ஆராய வேண்டும். முக்கிய விதிகளின் வரைவு மசோதாவுடனேயே குழுவின் முன் வைக்கப்பட வேண்டும்.

அலுவலரின் பொறுப்பும் இதில் குறைந்ததன்று. ஒவ்வொரு ஷரத்துக்கும் காரணம், செலவு, நடைமுறைப்படுத்துவோர், தொடங்கும் நாள் ஆகிய நான்கையும் காட்டும் குறிப்பு அவர் கையில் இருக்குமானால், குழுவின் நேரம் வீணாகாது. இவற்றில் ஒன்றுக்கு விடை இல்லாவிடில், அந்த ஷரத்து இன்னும் சட்டமாகும் பக்குவத்தை எய்தவில்லை என்பதே பொருள்.

எந்தக் கல்விச் சட்டமும் ஒருநாள் சோதனைக்கு உள்ளாகியே தீரும். குழு அறையில் நடந்தால் அச்சோதனைக்குச் சில வார உழைப்பே விலை. நீதிமன்றத்தில் நடந்தால் மாதங்களும் ஆண்டுகளும் செலவாகும். வகுப்பறையில் நடந்தாலோ, அதன் விலையைக் குழந்தை தருகிறது. கழிந்துபோன பள்ளி நாளை அக்குழந்தைக்கு எந்தத் திருத்தச் சட்டமும் மீட்டுத் தராது.