ஸ்டேடியத்துக்காகக் கடையை எடுக்கிறார்களா? முதலில் லீஸைப் படியுங்கள்

இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப் புது ஸ்டேடியத்தின் படத்தை வெளியிட்டால், அந்தப் படத்தில் இல்லாத சில கடைகள் அந்த இடத்தில் இன்னும் திறந்திருக்கும். ஆர்சனல் 2006-இல் திறந்த எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்காக வட லண்டனில் சிறு தொழில்கள் இடம்பெயர்ந்தன. டாட்டன்ஹாமில் ஒரு குடும்பம் நடத்திவந்த தகட்டுப் பட்டறையின் நிலமும் ஸ்டேடியத்துக்காகக் கட்டாயமாக வாங்கப்பட்டது. இரண்டு விவகாரமும் உயர் நீதிமன்றம் வரை போயின. 2005-லும் சரி, 2015-லும் சரி, தொழில் நடத்தியவர்கள் தோற்றார்கள்.

எதிர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர்த்துக்கொண்டே, கடை போனால் கைக்கு என்ன வரும் என்ற கணக்கையும் இன்றே தொடங்குங்கள் என்கிறேன்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். உங்கள் கடையைப் பறிக்கும் அதிகாரம் கிளப்புக்குக் கிடையாது. கவுன்சில் போன்ற பொது அமைப்புதான் கட்டாயக் கொள்முதல் ஆணை போட முடியும். அதை அமைச்சர் தரப்பு உறுதிசெய்ய வேண்டும். கிளப்பின் ஆள் பிஸ்கட் பெட்டியோடு வந்து பேசினால் அது வெறும் வியாபாரப் பேச்சு. கேட்டுக்கொள்ளுங்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

லீஸில் என்ன பார்ப்பது

சின்னக் கடைக்காரர்கள் பெரும்பாலும் குத்தகைக்காரர்கள். கட்டடத்தின் விலை உரிமையாளருக்குப் போகும். உங்களுக்கு வரும் தொகையை உங்கள் லீஸ்தான் தீர்மானிக்கும். இன்னும் எத்தனை வருடம் மீதி என்று பாருங்கள். மறுகட்டுமானம் வந்தால் நில உரிமையாளர் இடையில் முறித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். 1954-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் தரும் பாதுகாப்பிலிருந்து உங்கள் லீஸ் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சொலிசிட்டரிடம் கேளுங்கள். பலர் கையெழுத்துப் போட்ட அன்று இந்த விலக்கைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஆணை போடுவதற்கு முன்பே கட்டடத்தைக் கவுன்சிலோ கிளப்போ சத்தமில்லாமல் வாங்கிவிடலாம். அப்போது அவர்களே உங்கள் நில உரிமையாளர். இடித்துக் கட்டப் போகிறோம் என்ற காரணத்தைக் காட்டி, சாதாரண வாடகைச் சட்டத்தின்படியே உங்களை வெளியேற்ற முயலலாம். அந்த வழியில் கிடைக்கும் தொகை, கடைக்கு வரி போடுவதற்காக மதிப்பிட்ட ஆண்டு மதிப்பின் அளவுதான். 14 ஆண்டு அல்லது அதற்கு மேல் அங்கே தொழில் நடந்திருந்தால் இரட்டிப்பு. கட்டாயக் கொள்முதலில் கிடைக்கக்கூடிய இழப்பீட்டோடு ஒப்பிட்டால் இது பெரும்பாலும் சொற்பம். பாதுகாப்பு விலக்கப்பட்ட லீஸாக இருந்தால் இதுவும் இல்லை. உங்கள் தெருவில் கட்டடங்கள் கைமாறுவதாகக் காதில் விழுந்தால், நிலப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி உரிமையாளர் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

கணக்கும் கோப்பும்

கட்டாயக் கொள்முதல் என்றால், கடையை மாற்றும்போது ஏற்படும் நியாயமான நட்டங்களுக்கு இழப்பீடு தனியாகக் கிடைக்கும்: சாமான் ஏற்றுகூலி, புதுக் கடையின் ஷெல்ஃப், ஷட்டர், பெயர்ப்பலகை, மூடியிருந்த நாள்களின் லாபம், பணியாளர்களுக்குத் தரும் பணிநீக்கத் தொகை, சர்வேயர் கட்டணம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சீட்டு வேண்டும். ஆணை அதிகாரபூர்வமாக நடப்புக்கு வருமுன், அதன் மிரட்டலாலேயே ஏற்பட்ட நட்டத்தையும் கேட்கலாம் என்று 1995-இல் பிரிவி கவுன்சில் ஒரு ஹாங்காங் இரும்பாலை வழக்கில் சொன்னது. ஆகவே வதந்தி கிளம்பிய நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த மொத்த வியாபாரி கடன் கொடுக்க மறுத்தார், எந்தப் பணியாளர் வேறு வேலை தேடிப் போனார், எல்லாம் தேதியோடு.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். வரிக் கணக்கில் காட்டாத வியாபாரத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. கல்லாவில் மாட்ச் நாளன்று குவியும் காசு புத்தகத்தில் ஏறாவிட்டால், கவுன்சில் சர்வேயரைப் பொறுத்தவரை அந்தக் காசு வரவே இல்லை. கடைசி மூன்று வருடக் கணக்கை அக்கவுண்டன்டிடம் ஒழுங்காக வாங்கி வையுங்கள். மாட்ச் நாள் விற்பனையைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

பலர் மறந்துவிடுவது மது உரிமம். அது அந்தக் கட்டடத்தோடு ஒட்டியது. நீங்கள் போகும் தெருவுக்கு உங்களோடு வராது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் எதிர்க்கலாம், சில பகுதிகளில் மதுக்கடைகள் ஏற்கெனவே அதிகம் என்று கவுன்சிலே தயங்கும். மாற்று இடம் பார்க்கும்போது வாடகைக்கு முன் இதை விசாரியுங்கள். லாட்டரி, பார்சல் மையம் போன்ற ஒப்பந்தங்களும் அப்படித்தான்.

60 வயதைத் தாண்டிவிட்டீர்களா? கடையின் ஆண்டு மதிப்பு ஒரு வரம்புக்குள் இருந்தால், இடம் மாறாமல் தொழிலையே மூடிவிட்டு அதன் முழு மதிப்பை இழப்பீடாகக் கேட்கும் உரிமை 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. அந்த வட்டாரத்தில் அதே தொழிலை மறுபடி தொடங்க மாட்டேன் என்று உறுதி தர வேண்டியிருக்கும். பிள்ளைகள் கடைக்கு வர விரும்பாத குடும்பங்களுக்கு, என் கணிப்பில், இதுவே நல்ல வழி.

கடிதம் வந்தபின்

இடத்தின் உரிமையாளர், குடியிருப்பவர் யார் யார் என்று கேட்டு முதலில் ஒரு படிவம் வரும். அதைக் கிழித்துப் போடாதீர்கள். பதில் சொல்லாமல் விட்டால் குற்றமாகலாம். பிறகு ஆணையின் அறிவிப்பு வரும். ஆட்சேபம் எழுதக் குறைந்தது 21 நாள் கிடைக்கும். "இருபது வருடமாக இருக்கிறோம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. உங்கள் கடையை விட்டுவிட்டு வரைபடம் போட முடியாதா, திட்டத்துக்குப் பணம் கையில் இருக்கிறதா, உங்களோடு நேர்மையாகப் பேரம் பேசினார்களா, மாற்று இடம் காட்டினார்களா என்று கேளுங்கள். பொதுநலன் உங்கள் இழப்பை விஞ்சுகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது.

கவுன்சில் கட்டத்திலேயே கூச்சல் போடுவது வீண் போகாது. மில்வால் கிளப்பின் டென் ஸ்டேடியத்தைச் சுற்றிய நிலத்தை எடுக்கும் முடிவை, ஊடகங்களிலும் ஊரிலும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2017 ஜனவரியில் லூயிஷம் கவுன்சில் கைவிட்டது. ஆணை உறுதியான பிறகு நீதிமன்றம் போக 6 வாரம்தான்; அங்கேயும் சட்டப் பிழையைத்தான் காட்டலாம், திட்டம் பிடிக்கவில்லை என்று வாதாட முடியாது.

கட்டாயக் கொள்முதலில் பழகிய சர்வேயரை இதற்குள் பிடித்திருக்க வேண்டும். வாடகைக்கு வீடு பிடித்துத் தருபவர் இதற்குச் சரிப்படமாட்டார். ஆர்.ஐ.சி.எஸ் என்ற சர்வேயர் சங்கத்திடம் கேட்டால் வழிகாட்டுவார்கள். கட்டணத்தை ஏற்பதாகக் கவுன்சிலிடமிருந்து எழுத்தில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பயத்தில் முன்கூட்டியே கடையைக் காலிசெய்யாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் போனால், நீங்களாகவே போனீர்கள் என்று வாதாடுவார்கள். உள்ளே நுழைய அவர்கள் பொதுவாக 3 மாத அவகாசம் தர வேண்டும். இடத்தை எடுத்துக்கொண்டதும், தொகையில் சண்டை முடியாவிட்டாலும், அவர்கள் மதிப்பிட்ட தொகையில் 90 சதவீதத்தை முன்பணமாகக் கேளுங்கள். அதை வாங்கியதால் மீதிக்கான உரிமை போய்விடாது. மீதியை மேல் தீர்ப்பாயத்தின் நிலப் பிரிவில் வாதாடலாம். அதற்கு 6 ஆண்டு வரம்பு உண்டு, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.