ஏதுவும் போலியும் உயிரும் – ஒரு தொடக்கப் பாடம்

கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றை ஆராய்ந்து தெளிவது மக்கட் பிறவிக்கு வாய்த்த பேறு. நம் ஆசாரியர்கள் நற்காட்சியை வீட்டுநெறியின் முதற்படியாக வைத்தனர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புக என்று அவர்கள் விதிக்கவில்லை. பிரமாணத்தாலும் நயத்தாலும் பொருள்களை அறிதல் வேண்டும் என்று தத்துவார்த்த சூத்திரம் தன் முதல் அத்தியாயத்திலேயே கூறுகின்றது.

கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் இன்று இரண்டு வினாக்களோடு இல்லம் திரும்புகின்றனர். "சியாத்வாதம் என்பது எதையும் உறுதியாகச் சொல்லாமல் நழுவுவதுதானே?" என்பது ஒன்று. "உயிர் என்று தனியே ஒன்று உண்டென்பதற்கு என்ன சான்று?" என்பது மற்றொன்று. "நம் முன்னோர் சொன்னார்கள்" என்று மட்டும் நாம் விடை கூறினால், வினா அடங்கிவிடும், ஐயம் அடங்காது. ஆகவே நம் தர்க்க நூல்களின் தொடக்கப் பாடத்தைத் திருத்தணி என்னும் மலையூரைச் சான்றாகக் கொண்டு இங்குப் பயில்வோம். அவ்வூரில் பிறந்த பேரறிஞர் ஒருவர் நம் தத்துவத்தின்மேல் எழுப்பிய தடை ஒன்றையும் எடுத்து ஆராய்வோம்.

ஏது என்பது யாது?

தொலைவில் உள்ள மலைமீது புகை தெரிகின்றது. "அங்கே நெருப்பு உண்டு" என்கிறோம். நெருப்பு உண்டென்பது நாட்டவேண்டிய முடிவு. புகை அதற்கு ஏது. புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை எடுத்துக்காட்டு.

நல்ல ஏதுவுக்கு மூன்று இலக்கணம் வேண்டும் என்றனர் பௌத்தர். ஏது ஆராயும் இடத்தில் இருத்தல் வேண்டும். அதனை ஒத்த இடங்களில் இருத்தல் வேண்டும். மாறான இடங்களில் இல்லாதிருத்தல் வேண்டும். நம் நூலார் ஒரே இலக்கணம் போதும் என்றனர். அது "வேறு வகையில் பொருந்தாமை" ஆகும். நெருப்பின்றிப் புகை பொருந்தாது. ஆதலின் புகை நல்ல ஏது.

இந்த வேறுபாடு சிறிதன்று. ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் கருநிறத்தினர். "பிறக்கப்போகும் நான்காம் பிள்ளையும் கருநிறமே, அவர் பிள்ளையாதலால்" என்று ஒருவர் வாதிக்கலாம். எடுத்துக்காட்டுகள் மூன்று இருந்தும் முடிவு உறுதிப்படவில்லை. அவருக்குச் சிவந்த பிள்ளை பிறப்பதில் யாதொரு முரணும் இல்லை. எத்தனை சான்றுகள் என்று எண்ணுவதைவிட, வேறு விளக்கம் பொருந்துமா என்று கேட்பதே தர்க்கம்.

நால்வகைப் போலி

ஏதுபோலத் தோன்றி ஏது ஆகாதது ஏதுப்போலி. இச்சொல் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை போலிகளை விரித்துரைக்கின்றது. நம் மாணிக்கநந்தி ஆசாரியர் பரீட்சாமுகம் என்னும் நூலில் ஏதுப்போலியை நான்காக வகுத்தார்.

முதலாவது அசித்தம். ஏதுவே உண்மையில் இல்லாமை இது. "திருத்தணியில் உப்பு விளையும், கடற்கரை ஊராதலால்" என்பது போல்வது. திருத்தணி கடற்கரை ஊரன்று.

இரண்டாவது விருத்தம். சொன்ன ஏது எதிரான முடிவையே நாட்டுதல் இது. "உயிர் எவ்வகையிலும் மாறாதது, இன்பமும் துன்பமும் மாறி மாறி நுகர்தலால்" என்பவர், மாற்றத்தையே சான்றாகக் காட்டி மாறாமையை நாட்ட முயல்கின்றார்.

மூன்றாவது அநைகாந்திகம். ஏது இரு பக்கமும் செல்லுதல் இது. "இவர் ஆந்திர மாநிலத்தவர், தெலுங்கு பேசுவதால்" என்று திருத்தணிக் கடைத்தெருவில் ஒருவர் கூறினால் கேட்போர் நகைப்பர். எல்லையூராகிய அங்குத் தமிழ்நாட்டவரும் தெலுங்கு பேசுவர்.

நான்காவது அகிஞ்சித்கரம். எதையும் நாட்டும் ஆற்றல் இல்லாத ஏது இது. முன்னரே தெளிந்ததை மீண்டும் நாட்டுவதும், நேரே கண்டறிந்ததற்கு மாறாக வாதிப்பதும் இதன்பாற்படும். "நெருப்பு குளிர்ச்சியுடையது, அது ஒரு பொருளாதலால்" என்பது சான்று.

அன்றாட வாழ்வில் மிகுதியும் நம்மை மயக்குவது மூன்றாம் போலியே. "சொன்னவர் பெரியவர், ஆகவே மெய்" என்பதும், "சொன்னவர் வேற்றுச் சமயத்தார், ஆகவே பொய்" என்பதும் அதன் பிள்ளைகளே. பெரியோரும் பிழைபடக் கூறுவதுண்டு. வேற்றுச் சமயத்தாரும் மெய் கூறுவதுண்டு. சமந்தபத்திர ஆசாரியர் ஆப்தமீமாம்சையைத் தொடங்கும்போதே இப்போலியை விலக்குகின்றார். தேவர் வருகை, சாமரை முதலிய சிறப்புகள் மாயம் செய்வோரிடத்தும் காணப்படுதலின், அவை கொண்டு மட்டும் இறைவனைப் பெரியோன் எனத் தாம் கொள்வதில்லை என்கின்றார். வணங்கத்தக்க பகவானிடத்தும் ஏதுவை ஆராய்ந்தே வணங்கிய மரபு நம்முடையது.

ஓர் ஊரும் மூன்று கூற்றும்

இனி முதல் வினாவுக்கு வருவோம். திருத்தணி எந்த ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது? 1888ஆம் ஆண்டைக் கருதினால், சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டம். 1955ஆம் ஆண்டைக் கருதினால், ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டம். எல்லைத் தகராறு தீர்ந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் அவ்வூர் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று தமிழ்நாட்டுத் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

"திருத்தணி ஆந்திரத்தில் உள்ளது", "திருத்தணி ஆந்திரத்தில் இல்லை" என்னும் இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோல் ஒலிக்கின்றன. காலத்தைச் சேர்த்துக் கூறிய அளவில் இரண்டும் மெய்யாகின்றன. "1955ஆம் ஆண்டைப் பொறுத்து ஆந்திரத்தில் இருந்தது" என்பதில் ஐயத்துக்கு ஒரு சிறிதும் இடமில்லை. இந்த "பொறுத்து" என்பதே "சியாத்" என்பதன் பொருள். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்பது அதன் பொருளன்று. பொருள், இடம், காலம், தன்மை ஆகிய நான்கையும் குறித்துப் பேசுபவனே உறுதியாகப் பேசுகின்றான். அவற்றைக் குறியாமல் பேசுபவனிடமே குழப்பம் பிறக்கின்றது.

மற்றொன்றும் காண்க. ஆட்சி மாறியது, மாவட்டம் மாறியது, மலையும் ஊரும் தொடர்ந்தன. தோன்றுதல், அழிதல், நிலைத்தல் என்னும் மூன்றும் உடையதே உள்பொருள் என்னும் நம் கோட்பாட்டுக்கு இவ்வூரின் வரலாறே எளியதோர் உவமை.

இராதாகிருஷ்ணனாரின் தடை

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். சென்னை, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு ஆகிய இடங்களில் தத்துவம் கற்பித்தவர். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக விளங்கியவர். 1923இல் வெளிவந்த 'இந்தியத் தத்துவம்' முதற்பகுதியில் அவர் ஜைன தத்துவத்தை விரிவாக ஆராய்ந்தார். அங்கு அவர் எழுப்பிய தடையின் சாரம் இது: ஒவ்வொரு கூற்றும் சார்புடையது என்றால், சார்பற்ற ஒரு முழுமை உண்டு என்பதை ஒப்பியே ஆகவேண்டும், அம்முழுமையை ஒப்பினால் மெய்ப்பொருள் ஒன்றே என்னும் முடிவுக்கு வந்துசேர வேண்டும், பல உயிர்கள், பல பொருள்கள் என்ற அளவில் நின்றுவிடும் ஜைனர் தம் தர்க்கத்துக்கே உண்மையாய் இல்லை.

இத்தடையை நம்மவர் அல்லாதார் கூற்றென்று தள்ளுதலும், குடியரசுத் தலைவரின் கூற்றென்று ஏற்றலும் மேலே கண்ட போலிகளே. ஏதுவை மட்டும் நோக்குவோம்.

வாதத்தில் இரண்டு படிகள் உள்ளன. பகுதியறிவு முழுதறிவை வேண்டி நிற்கின்றது என்பது முதற்படி. இதனை நாம் மறுக்கவேண்டியதில்லை. நயம் பொருளின் ஒரு பகுதியைப் பற்றுவது என்றும், பிரமாணம் முழுமையைப் பற்றுவது என்றும், கேவல ஞானம் எல்லாப் பொருளையும் எல்லா நிலையிலும் அறிவது என்றும் கொள்பவர் நாமே.

முழுதறிவு உண்டாயின் அறியப்படும் பொருள் ஒன்றே ஆகும் என்பது இரண்டாம் படி. இங்கேதான் நிற்கவேண்டும். மலையை நாற்புறமும் சுற்றிக் கண்டவன் மலையை முழுதும் அறிகின்றான்; அதனால் மலையும் அருகில் உள்ள குளமும் ஒன்றாகிவிடா. பலவாக உள்ள பொருள்களை முழுதும் அறியும் அறிவு, அவற்றைப் பலவாகவே முழுதும் அறியும். முழுமை என்பது அறிவின் தன்மை. ஒருமை என்பது பொருளின் தன்மை. முன்னதிலிருந்து பின்னதுக்குச் செல்ல வேறோர் ஏது வேண்டும். அது தரப்படாதவரை, "வேறு வகையில் பொருந்தாமை" என்னும் இலக்கணம் அவ்வாதத்துக்கு இல்லை. அது இரு பக்கமும் செல்லும் ஏதுவாகவே நிற்கின்றது.

ஆயினும் அத்தடை நமக்கு ஒரு நன்மை செய்தது. அநேகாந்தமும் ஒரு கோட்பாடுதானே, அதுவும் சார்புடையதோ என்னும் வினாவை அது நம் முன் வைக்கின்றது. அநேகாந்தமும் அநேகாந்தமே என்று சமந்தபத்திரர் சுயம்பு தோத்திரத்தில் விடை கூறியுள்ளார். பிரமாணத்தால் நோக்க அது பல தன்மையை முழுதும் பற்றுவது. நயத்தால் நோக்க ஒரு தன்மையைப் பற்றி நிற்பது. வினாவை அஞ்சாதவரே இவ்விடை கூற இயலும்.

மனிதன் யார்?

இனி இரண்டாம் வினா. நீரும் நிலமும் தீயும் காற்றும் முதலிய பூதங்கள் சேர்ந்தால் அறிவு பிறக்கும், மாவும் வெல்லமும் புளித்துச் சேர்ந்தால் மயக்கம் பிறப்பதுபோல, என்பர் பூதவாதியர். "மூளை பழுதுபட்டால் நினைவு கெடுகின்றது, ஆகவே மூளையே அறிவு" என்பது இவ்வாதத்தின் இக்கால வடிவம். மூளை பழுதுற நினைவு கெடுதல் மெய்யே. மருத்துவம் காட்டிய உண்மையை மறுத்தல் ஆகாது. ஆனால் மூக்குக்கண்ணாடி உடைந்தாலும் பார்வை கெடும். அதனால் கண்ணாடியே காண்பவன் ஆகான். கருவி என்றாலும் பொருந்தும், காரணம் என்றாலும் பொருந்தும் ஒரு செய்தி, இரண்டில் ஒன்றை மட்டும் நாட்டமாட்டாது.

நம் பக்கமும் இதே அளவுகோலால் அளக்கப்படவேண்டும். "உயிர் உண்டு, நம் ஆகமம் கூறுதலால்" என்று ஆகமத்தை ஏற்காதவரிடம் கூறுவது அவர்க்கு அசித்தம். அவரும் ஏற்கும் அனுபவத்திலிருந்தே தொடங்கவேண்டும். நிறமும் மணமும் எடையும் பருப்பொருளின் குணங்கள். "நான் அறிகிறேன்" என்னும் உணர்வுக்கு நிறமோ எடையோ இல்லை. இலக்கணம் வேறாயின் பொருளும் வேறு என்பது நம் நூலார் கொண்ட ஏது. அறிதலும் காண்டலும் ஆகிய உபயோகமே உயிரின் இலக்கணம் என்றனர் அவர்.

அவ்வுயிர் நிலைத்ததோ, மாறுவதோ? "முன்பு கண்ட அந்த மலையே இது" என்று நாம் உணர்கின்றோம். கணந்தோறும் அறிபவன் முற்றும் அழிந்து வேறொருவன் தோன்றுவானாயின், முன்பு கண்டவன் ஒருவன், இன்று நினைப்பவன் மற்றொருவன் ஆவர், இவ்வுணர்வு பொருந்தாது. அறிபவன் சிறிதும் மாறாதவனாயின், அறியாதிருந்தவன் அறிந்தவனாக ஆதலும் பொருந்தாது. நிலைத்தும் மாறியும் வரும் ஓர் உயிரைக் கொண்டாலன்றி இவ்வனுபவம் வேறு வகையில் பொருந்தாது. நல்லேதுவின் இலக்கணம் இங்கு அமைகின்றது.

வினைக்கொள்கையும் இதனையே சார்ந்துள்ளது. முற்றும் மாறுபவன் தான் செய்த வினையின் பயனை நுகரான். முற்றும் மாறாதவன் கட்டுண்ணவும் மாட்டான், வீடுபெறவும் மாட்டான்.

நீலி காட்டும் பாடம்

இவ்வாராய்ச்சியைத் தமிழில் ஒரு காப்பியமாகவே பெற்ற பேறு நமக்கு உண்டு. குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நீலகேசி, பத்துச் சருக்கங்களில் பல சமயத்தாரோடு வாதிட்டுப் பூதவாதத்தில் நிறைவுறுகின்றது. சமயதிவாகரர் என்னும் வாமன முனிவரின் உரையோடு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அதனைப் பதிப்பித்தார்.

திருத்தணி வட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். அவ்வூர் நீலி பழிவாங்கிய பேயென்று நாட்டார் கதை கூறும். "நீலிக் கண்ணீர்" என்னும் வழக்கு வஞ்சகத்தைக் குறிக்கின்றது. அந்நீலியோடு தொடர்புபடுத்தி அறிஞர் காணும் நம் காப்பியத்து நீலியோ, முனிசந்திர முனிவரை அச்சுறுத்த வந்து, அவர் உறுதி கண்டு மனம் மாறி, கொல்லாமையை உரைக்கும் ஆசிரியை ஆகின்றாள். அச்சுறுத்தியது ஒரு பரியாயம்; அறம் உரைத்தது மற்றொரு பரியாயம்; உயிர் ஒன்றே.

"அவன் பொய்யன்", "அவள் கோபக்காரி", "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்று நம் இல்லங்களில் கூறும்போது, ஒரு பரியாயத்தை முழு உயிராக நாம் கொண்டுவிடுகின்றோம். நேற்றுப் பொய் சொன்னான் என்பது மெய்யாக இருக்கலாம். என்றும் பொய்யனே என்பது அதிலிருந்து பெறப்படாது. உடன்பிறந்தாரிடையே ஆண்டுக்கணக்கில் பேச்சற்றுப் போவதும், தவறிய பிள்ளைக்கு வாயில் அடைபடுவதும் பெரும்பாலும் இந்த ஒரு போலியால் விளைவன. ஏகாந்தம் ஏட்டில் இருந்தால் தர்க்கப் பிழை. இல்லத்தில் இருந்தால் இம்சை.

சிந்தனைக்குச் சில

1. ஒரு செய்தித்தாள் விளம்பரத்தை எடுத்து, அதில் உள்ள ஏது யாது, அது நால்வகைப் போலியுள் எது எனக் குடும்பத்தோடு அமர்ந்து ஆராய்க.

2. "நம் ஊர் பெரியது", "நம் ஊர் சிறியது" என்னும் இரண்டும் மெய்யாகுமாறு, எதனைப் பொறுத்து என்பதைச் சேர்த்து எழுதுக.

3. நாம் வருந்தி விலக்கி வைத்துள்ள ஒருவரைப் பற்றி நாம் கொண்டுள்ள முடிவுக்கு ஏது யாது? அது வேறு வகையில் பொருந்தாததா?